கேட்டுவிட்டு மாட்டிய படங்கள்

பஹ்ரைனில் நான் இரண்டாவதாக வேலைக்குப் போன வீட்டில் வீட்டுவேலையைவிடச் சுவர்வேலைதான் அதிகம். முதல் வீடு அரபி வீடு. சமையல், துவையல், வரிசையாகப் பிள்ளைகள். அந்த வீட்டம்மா நல்ல மனுஷி, ஒப்பந்தம் முடிந்ததும் முகம் சுளிக்காமல் வேறு வீட்டுக்குப் போக ரிலீஸ் கொடுத்தார். குதைபியாவில் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கதவைத் திறந்தவர் நல்ல கறுப்பு, நல்ல உயரம். தலையில் துணி கட்டியிருந்தார், வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப்போல் வேலைக்கு வந்தவர் என்றே நினைத்து, "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டேன். ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "நாந்தான் மேடம். ஏணியைப் புடிச்சுக்கத் தெரியுமா?" என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷ். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் அவர் பேச்சு எங்கள் பேச்சாகவேதான் என் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கலைகளையும், அவர்கள் வாழ்ந்த தெருக்களின் கதைகளையும் ஊர் முன்னால் எடுத்து வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். அப்படியும் ஓர் உத்தியோகம் உண்டு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். தேவாலயக் கூடம், நூல்நிலையம், முடிவெட்டும் கடை என்று எங்கே சுவர் கிடைத்தாலும் விடமாட்டாராம். ரயிலில் பெட்டி தூக்கியவர்கள், அடுத்தவர் வீட்டில் சமைத்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், கிழிந்த துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்தவர்கள், இவர்களெல்லாம்தான் அவருடைய சரித்திரத்து ராஜா ராணிகள். கணவருக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தபோது, வேறொரு பெண்ணாக இருந்தால் கடை கடையாக ஏறி இறங்கிப் பொழுதைப் போக்கியிருப்பார். இவர் பெட்டி பெட்டியாகத் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொரு குளிர்காலமும் வெளிநாட்டவர் கிளப்பின் கூடத்தில் ஒரு கண்காட்சி, அதோடு பாட்டும் பேச்சும். ஏணி பிடிப்பதில் தொடங்கிய நான், ஒன்றிரண்டு வருடத்தில் எந்தப் படம் எந்தப் பெட்டியில் என்று அவரைவிட நன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய படத்தையோ பொருளையோ மாட்டுவதற்கு முன், அவரிடம் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் பிள்ளையிடம், பேரனிடம். கேட்பதற்காக அமெரிக்காவுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு, லைன் கிடைக்கும்வரை போனடியிலேயே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு சலவைக்காரப் பெண்மணியின் படம் இருந்தது. முழங்கைவரை சோப்பு நுரை, வாய் கொள்ளாத சிரிப்பு. இருந்ததிலேயே அழகான படம் அதுதான். பேரன் போனில் வேண்டாம் என்றுவிட்டான். மேடம் அதை அட்டையில் சுற்றித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அவன் எங்கேயோ இருக்கான், நாம கடலுக்கு நடுவுல இருக்கோம். அவனுக்கு எப்படித் தெரியப்போவுது?" என்றேன்.

"தெரியாதுதான். அவன் வேணாம்னு சொன்னது எனக்குத் தெரியுமே" என்றார். என்ன பைத்தியம் இது என்று அப்போது நினைத்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளப் ஆபீசில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் டைப்பிஸ்டாக இருந்தார். படங்களுக்கு அடியில் ஒட்டும் வாசகங்களை அவர்தான் அடித்துத் தருவார். முதல் நாளே, "நீர் எவடம்?" என்று கேட்டார்.

"கண்டிப் பக்கம், அக்கா."

"கண்டியில எவடம்?"

"டவுனுக்குக் கிட்டத்தான்."

டவுனுக்குக் கிட்ட ஒன்றுமில்லை. பஸ் போய்ச் சேராத தேயிலைத் தோட்டத்துக் கூலி வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள் நான். என் பாட்டனைப் பெற்றவர்கள் கங்காணி பின்னால் கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்கள். நாங்கள் எந்த நாட்டு ஜனம் என்று கேட்டால் விட்டு வந்த நாடும் வந்து சேர்ந்த நாடும் கைவிரித்த காலம் ஒன்று உண்டு. அந்த அக்கா தங்கமான மனுஷி, எனக்கென்று பனங்கட்டி எடுத்துவைப்பவர். ஆனாலும் 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லைச் சிலர் எவ்வளவு இளக்காரமாகச் சொல்வார்கள் என்று சின்ன வயதிலேயே கேட்டுப் பழகியிருந்ததால், கடல் கடந்தும் கண்டிக்காரியாகவே இருந்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை பக்கத்துத் தீவான முஹர்ரக்கில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு சந்துக்குள்ளிருந்து மேளச் சத்தம் வந்தது. மேடம் காரை அப்படியே ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போனார். மேளக்காரர்கள் கூடி வாசிக்கும் வீடு அது. வாசித்தவர்கள் அந்த ஊர் அரபிகள்தான். ஆனால் நிறமும் முகவெட்டும் மேடத்தின் சித்தப்பா பெரியப்பா என்றே சொல்லலாம். வாசலில் இருந்த பெண்கள் எங்களை உள்ளே விட்டார்கள். மேடம் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். "இந்த அடி எனக்குத் தெரியும். எங்க சர்ச்சுல கை தட்டுற அடி" என்றார்.

வீட்டுத் தலைவர் ஒரு பெரியவர். ஹஜ்ஜி என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் மேடத்துக்கும் நடுவில் நான்தான் மொழி. என் அரபி அடுப்படி அரபி. வெங்காயம், கஞ்சி, இஸ்திரி, பிள்ளைக்குக் காய்ச்சல், இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கலை, மரபு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படியும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்துப் பேசிக்கொண்டார்கள். குளிர்காலக் கண்காட்சியில் வந்து வாசிக்க ஹஜ்ஜி ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மேடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே போன கப்பல்கள் அவருடைய முன்னோர்களை அடிமைகளாகக் கொண்டுபோயின. கிழக்கே இந்தக் கரைக்கும் அதேபோல் கப்பல்கள் வந்தன. இரண்டு கரையையும் ஒரே சுவரில் சேர்க்க வேண்டும், இதுவரை யாரும் செய்யாதது என்று ராப்பகலாகப் படித்தார், எழுதினார். அவருடைய ஊர் மியூசியத்துக்கும் எழுதிப்போட்டார். அங்கிருந்து ஓர் அம்மா நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. பிடித்துப்போனால் கண்காட்சியை அங்கே எடுத்துப்போவார்கள், அதை நடத்தும் பதவி மேடத்துக்கு. முடிவெட்டும் கடைச் சுவரில் ஆரம்பித்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரமெல்லாம் பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள், மேளம் வைக்கிற இடத்தைப் பார்க்க ஹஜ்ஜி வந்தார். நடுச்சுவரில் பெரிய வரைபடம். மேற்கே ஓர் அம்பு, கிழக்கே ஓர் அம்பு. கீழே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அடிமை என்பதற்கு அரபிச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வீட்டுத் தெருவில் யாரோ சண்டையில் யாரையோ திட்டியபோது கேட்டது.

பெரியவர் சத்தம் போடவில்லை. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க வாப்பா முத்துக்குளிச்சவரு. நான் இந்த ஊருல பொறந்து வளந்தவன். என் பேத்திக்கு இப்ப மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். மேளம்னா வர்றேன். இது இருந்தா மாஃபி, வர மாட்டேன். கலாஸ், அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

மேடத்துக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டுப் பார்த்தது அன்றுதான். "இது பொய்யா? நடந்ததுதானே? நடந்ததை மறைச்சு மறைச்சுத்தானே எங்க ஆளுங்களை இல்லாமலே ஆக்கினாங்க?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். கிளப் செக்ரட்டரி, ஒரு வெள்ளைக்காரர், சுலபமான வழி சொன்னார். வரைபடம் இருக்கட்டும், வேறு மேளக்காரரைப் பிடித்துக்கொள்ளலாம், யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்றார்.

அவர் போனதும், எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, தோட்டம், லயம், கடல் தாண்டி வந்தவர்கள் எல்லாவற்றையும் மேடத்திடம் கொட்டிவிட்டேன். "அந்த அக்காகிட்ட கண்டின்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். எனக்கு வெக்கம்னு இல்ல. அவங்க கேட்டுட்டு மூஞ்சி மாறுனா எனக்குத் தாங்காது, அதான்" என்றேன்.

மேடம் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "சலவைக்காரம்மா பேரனுக்கு கடல் தாண்டி போன் போட்டேன். இங்க பக்கத்துல இருக்கிற மனுஷன்கிட்ட மேளத்துக்கு மட்டும் கேட்டேன், இதுக்குக் கேக்கல. ஏன்னா அவரை என் சொந்தம்னு நினைச்சுட்டேன். சொந்தக்காரங்கன்னா கேக்க வேணாம்னு நினைச்சுட்டேன்" என்றார்.

பிறகு அவரே ஏறி வரைபடத்தைக் கழற்றினார். பல மாதத்து உழைப்பு. நடுச்சுவர் முழுக்க வெறும் ஆணி. அன்றைக்கே முஹர்ரக்குக்குப் போய், பெரியவரிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். தன் நாட்டில் மேயர்களோடு மல்லுக்கு நின்றவர் அவர். ஹஜ்ஜி பேரீச்சம்பழம் வைத்தார்.

மறுநாள் எல்லா மேளத்தோடும் வந்து இறங்கினார். அன்று வாசித்த வாசிப்பில் கிளப்பின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மியூசியத்து அம்மா பரவசமாகிவிட்டார். "இவங்க யாரு? எங்கேயிருந்து வந்தவங்க? அந்தச் சுவர்ல ஏன் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முஹர்ரக்குக்காரங்க" என்றார் மேடம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை, படித்தவர். கதை இல்லாத மேளம் வெறும் கச்சேரி, அது எங்கள் ஊரிலேயே கிடைக்கும் என்றார். இரண்டாவது கரை இல்லாமல் இந்தக் கண்காட்சியைத் தன்னால் சிபாரிசு செய்ய முடியாது என்றார். பிறகு, கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு சிலோன் தமிழா? அங்கே தேயிலைத் தோட்டத்துக்கு ஆளுங்களைக் கப்பல்லதானே கொண்டுபோனாங்க? அந்த மாதிரி குடும்பமா இருந்தா, அந்தச் சுவர்ல இவளையே வைக்கலாமே. நான் எடுத்துட்டுப் போறேன்."

மேடம் என்னருகே வந்தார். வாசகங்களை அடித்துத் தந்த அக்கா எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றிருந்தார். மேடம் குரலைத் தாழ்த்தி, "அவங்க சொன்னது கேட்டுச்சா? உனக்கு இஷ்டமா? இல்லேன்னா இல்லை" என்றார்.

இந்த மனுஷிக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருந்தேன். என் ஒரு சொல்லில் அவருடைய ஆயுசுக் கனவு நிற்கிறது என்றும் தெரியும். 'சரி' என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நெஞ்சு ஒப்பவில்லை.

"வேணாம், மேடம்" என்றேன்.

"சரி" என்றார். முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. மியூசியத்து அம்மாவிடம் போய், "அப்படி யாரும் இங்க இல்ல. அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும்" என்றார். என்னிடம் கேட்டார் என்பதைக்கூட அவர் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது காரில் நான் அழுதேன். உங்கள் வழியை அடைத்துவிட்டேன் என்றேன். "நீ ஆமான்னு சொல்லியிருந்தா, உனக்காகச் சொன்னியா எனக்காகச் சொன்னியான்னு சாகுறவரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருந்திருப்பேன். மூக்கைச் சிந்து" என்றார்.

அந்தப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது என்று சில வாரம் கழித்து போனில் தகவல் வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து, என் முன்னாலேயே முந்தானை இல்லாத குறையாகக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாக வலித்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார். அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்து பல கண்காட்சிகள் நடத்தினோம். சுவர் காலியாகக் கிடந்த நாட்களும் இருந்தன. சுவரில் வைக்க என் கதையை ஒரு நாளும் அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.