பலகைக்கு வராத கை

நேசபாய்க்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. குரல் போகவில்லை. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காதவளால் அதை எப்படி அளந்து பேச முடியும்? சில நேரம் அது ஊரைக் கூட்டும். சில நேரம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். வெளியிடத்தில் அவள் வாயைத் திறந்தாலே அக்கா ஜெயபாய் தன் உதட்டின் மேல் விரலை வைத்துவிடுவாள். இப்படியே போய், முப்பத்தைந்து வயதுக்குள் ஊருக்கு நேசபாய் ஊமையாகிவிட்டாள். அவளை ஊமையாக்கியது காய்ச்சல் அல்ல.

பெற்றோர் போன பிறகு இராஜாக்கமங்கலத்து வீட்டில் அக்காளும் தங்கையும் மட்டும்தான். அங்கன்வாடியில் வேலை பார்த்த ஜெயபாய் கெட்டவள் இல்லை. தங்கைக்குச் சோறு பொங்கினாள், துணி எடுத்துக் கொடுத்தாள், குணமளிக்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். முன்பின் தெரியாத கைகளெல்லாம் நேசபாயின் தலையில் இறங்கின. காது திறக்காதபோது, விசுவாசம் போதாது என்ற பழியும் அதே தலையில் இறங்கியது. மருந்து பலிக்காவிட்டால் டாக்டரின் சட்டையைப் பிடிக்கிற ஊர்தான் இது. ஜெபம் பலிக்காவிட்டால் மட்டும் நோயாளியைக் குற்றவாளியாக்கும்.

வடசேரியில் தேவகுமாரின் செல்போன் ரிப்பேர் கடையில் நேசபாய்க்கு வேலை. செத்த போன்களில் அதிர்வு தருகிற குட்டி மோட்டார்களைக் கழற்றிச் சேர்த்தாள். ஓர் அயனி மரப் பலகையின் அடியில் அவற்றை வரிசையாகப் பதித்து, ஒரு மைக்கை இணைத்தாள். மைக்கில் பேசினால் பலகை அதிரும். கனத்த குரலுக்கு இடப்பக்கம் துடிக்கும், மெல்லிய குரலுக்கு வலப்பக்கம். அதில் உள்ளங்கையை வைத்தால் தேவகுமாரின் குரல், நின்றபடி உறுமும் ஆட்டோ; அக்காவின் குரல், சுளகில் உருளும் பயறு. தன் குரலையும் கையால் கேட்டாள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

காதுள்ளவர்கள் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் தன் பக்கம் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தாள். முக்கியமாக அக்கா.

"எனக்க சத்தத்த ஒருக்கா கையால கேட்டுப் பாரு எக்கா. பிறகு உதட்டுல விரல வையி," என்றாள். ஜெயபாய் சரியென்று தலையாட்டினாள்.

2013இல் சபையின் அறுப்பின் பண்டிகை. வெளியே வாழைக்குலை ஏலம் போய்க்கொண்டிருக்க, ஹாலின் ஒரு மூலையில் நேசபாய் பலகையைப் போட்டாள். பேசுவது யார் என்று உள்ளங்கையால் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் தேவகுமார் காதில் பஞ்சோடு கையை வைத்தான். அவன் மனைவி ஷைஜா மைக்கில் பேசினாள். அவன் யோசித்து, டைட்டஸ் அண்ணன் என்றான்.

"இத்தன வருசம் குடும்பம் நடத்தியும் எனக்க சத்தம் தெரியல்லியா ஒமக்கு?" என்றாள் ஷைஜா.

பஞ்சை எடுத்துவிட்டு அவன் சொன்னான்: "நீ மெதுவா பேசி நான் எப்பட்டி கேட்டிருக்கேன்?"

ஹால் சிரித்தது. மைக் வழியாக அந்தச் சிரிப்பு நேசபாயின் விரல்களுக்கும் வந்தது.

அடுத்து ஜெயபாய் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கையை நீட்டிய நேரத்தில், புதிதாக மாற்றலாகி வந்திருந்த போதகர் உள்ளே வந்தார். ஊமைப் பெண் ஒருத்தி ஏதோ செய்திருக்கிறாள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நேசபாயின் கையிலிருந்த மைக்கை அன்போடு வாங்கி, ஜெபிக்கத் தொடங்கினார். ஒரு கை அவள் தலையில் இறங்கியது. சுற்றி நின்ற பெண்களின் கைகள் தோளிலும் முதுகிலும் விழுந்தன. ஜெயபாய் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் கையும் தங்கையின் மேல்தான் வந்தது. தொட ஆளில்லாமல் பலகை தனியாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"எக்கா, எம்மேல இல்ல. பலகையில வையி."

குரல் அளவு மீறி ஹாலை நிறைத்தது. போதகர் கண்ணைத் திறந்தார். ஊமை பேசினாள் என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது.

எல்லா உதடுகளிலும் ஒரே செய்தி ஓடுவதை நேசபாய் பார்த்தாள். ஒன்பது வயது வரை அவள் தெருவெல்லாம் கத்தித் திரிந்தது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களை அவள் பொருட்படுத்தவில்லை. அக்காவின் உதட்டை மட்டும் பார்த்தாள். அது 'தோத்திரம்' என்று அசைந்தது.

வீட்டில் ஜெயபாய் தங்கையின் முகத்துக்கு நேரே நின்று நிதானமாக உதட்டை அசைத்தாள்: "அத்தன பேருக்கு முன்னால போதகரப் பொய்யாக்க முடியுமாட்டி?"

"என்னப் பொய்யாக்கலாம், இல்லியா?" என்றாள் நேசபாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்த அற்புதத்துக்கு அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. ஜெயபாய் வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தோடு வாசலில் நின்றாள். நேசபாய் வரவில்லை என்றாள். அக்காவின் உதடுகள் பிரிந்தன. நேசபாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கேட்க மறுப்பதற்கு அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

மைக் ஜெயபாய்க்கு எட்டுகிற தூரத்தில், மேசைமேல் இருந்தது. நேசபாய் பலகையில் கையை வைத்து அக்காவின் குரலுக்குக் காத்திருந்தாள். தெருவில் போன ஏதோ வண்டியால் ஒரு முறை லேசாக அதிர்ந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

நெடுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை. அக்கா எப்போது போனாள் என்று தெரியவில்லை.