தேன்குழல் துப்பாக்கி

எங்கள் ஊருக்கு மினி பஸ் விட்ட வருஷம் அது. என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய் இரண்டு தீபாவளி கழிந்திருந்தது. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றை நீடாமங்கலத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மகளுக்குப் பத்து வயது. கும்பகோணத்துக் கான்வென்டில் படித்த நாத்தனார் மகளும் லீவுக்கு வந்திருந்தாள். காலையில் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் இரண்டும் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காது.

அந்த விளையாட்டில் ஒரு துப்பாக்கி வரும். ஆறு குழலைச் சேர்த்துக் கட்டின மாதிரி இருக்கும். கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே சுடும். அதற்குப் பெயர் மினிகன் என்றாள் மகள். இல்லை, கேட்லிங் என்றாள் மற்றவள். பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. தோற்றவள் லீவு முழுக்கப் பெட்டியைத் தொடக் கூடாது.

வழக்கு என்னிடம் வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இருந்தால் என்ன, எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"மினின்னா சின்னதுடி. மினி பஸ்ஸப் பாத்ததில்ல? இது யானைத் தண்டி இருக்கு."

"அப்ப கேட்லிங்தானே அத்தை?"

"கேட்டும் இல்ல, பூட்டும் இல்ல. சுத்திச் சுத்திச் சுடுறது தேன்குழல்தான். தேன்குழல் துப்பாக்கின்னு வச்சுக்குங்க."

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மளிகைக்கடை போனுக்கு அவர் கூப்பிடுவார், அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்றேன்.

அன்றைக்கு மகள்தான் முதலில் போனைப் பிடுங்கினாள். பந்தயத்தைச் சொல்லி, மூன்று பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "அம்மா தேன்குழல்ங்கிறாங்கப்பா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் முகம் சுருங்கியது. "அம்மா சொன்னதுதான் சரியாம். இந்தா, உன்னக் கூப்பிடுறாங்க."

தலை நிமிர்ந்து வாங்கிக் காதில் வைத்தேன்.

"சுட்டியா?" என்றார்.

"இல்லீங்க. சுட்டா இங்க யாரு திங்கிறது?"

 "எந்த அச்சுல பிழிவ?" என்றார்.

"மூணு கண்ணுதாங்க. நீங்க வாங்கியாந்ததுதான்."

லைன் போய்விட்டது.

பந்தயப்படி பெட்டி என் கைக்கு வந்தது. ஆளுக்கொரு வேளை என்று நானே பிரித்துக் கொடுத்தேன். நாத்தனார் மகள் சமாதானமாகிவிட்டாள். என் மகள்தான் நான் தேன்குழலுக்கு அரிசி ஊறப்போடும்போதும், மாவு சலிக்கும்போதும் பின்னாலேயே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தத் துப்பாக்கிக்கு ஆறும்மா. நீ மூணுன்னு சொல்லிட்ட. அப்பா அங்க தப்பாவே நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."