ஊசி போடாத நர்ஸ்

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. கூடத்தையும் தறிக்கூடத்தையும் ஒற்றைச் சுவர்தான் பிரித்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க இதே கதை என்பதால், நாங்கள் கத்திப் பேசுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மா "இன்னும் ரெண்டு தோசை வைக்கவா" என்று கேட்பது வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை மாதிரி இருக்குமாம். நர்சிங் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

முதல் முறை வார்டுக்குப் போன அன்று, குடல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, காலையில வெளிக்கு ஒழுங்காப் போச்சா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் எதிர்க்கட்டில்காரர், "எனக்குப் போகலம்மா" என்றார். கடைசிக் கட்டிலில் இருந்தவர், "எனக்கு ரெண்டு தடவை" என்று விரலைக் காட்டினார். மொத்த வார்டும் எனக்குக் கணக்கு ஒப்பித்தது. வார்டு சிஸ்டர் என்னை ஓரமாக அழைத்து, "நீ நோயாளிகிட்ட பேசுதியா, ஊருக்குத் தண்டோரா போடுதியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு குரலைக் குறைக்கப் பழகினேன். ஆனால் காது மந்தமான நோயாளிகள் வந்தால் மட்டும் அதே சிஸ்டர் என்னைத் தேடிக்கொண்டு வருவார்.

படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ததும், திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் எல்லோரையும் போல எனக்கும் வளைகுடா ஆசை. அதற்கு இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், அவர்கள் வைக்கும் லைசென்ஸ் பரீட்சையிலும் தேற வேண்டும். அனுபவம் சேரச் சேரப் பரீட்சைக்கும் படித்தேன்.

அந்தப் பரீட்சையின் கேள்விகள் ஒரு தினுசானவை. கீழே தரும் நான்கு விடையும் சரியாகவே இருக்கும். இதில் எதை முதலில் செய்வாய் என்பதுதான் கேள்வி. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மாவை உட்கார வைத்து, கேள்வியைத் தமிழில் சொல்லி, நானும் விடை யோசிப்பேன்.

"நோயாளிக்குத் திடீர்னு மூச்சு வாங்குது. நர்ஸ் மொதல்ல என்ன செய்யணும்?"

"டாக்டரைக் கூப்பிடணும்."

"இல்லம்மா. மொதல்ல தலைமாட்டை உயர்த்தி உக்கார வைக்கணும். சரி, அடுத்தது. ரத்தம் ஏத்தும்போது ஒருத்தருக்குக் குளிர்சுரம் வருது. மொதல்ல?"

"டாக்டரைக் கூப்பிடணும்."

"மொதல்ல ரத்தத்தை நிப்பாட்டணும்மா."

"ஏட்டி, அப்ப அந்த டாக்டரை எப்பத்தான் கூப்பிடுவிய? அவரு பாவம், படிச்சிட்டு சும்மா உக்காந்திருக்காரா?"

அம்மா சொன்ன விடையை முதலில் அடித்துவிட்டால் மிச்சம் மூன்றுதான். அந்த முறை எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

பரீட்சை சென்னையில், ஒரு கம்ப்யூட்டர் மையத்தில். அப்பா துணைக்கு வந்தார். உள்ளே விடுவதற்கு முன் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள், கையை உதறச் சொன்னார்கள், மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். எனக்கோ வாய்விட்டுப் படித்தால்தான் கேள்வி மண்டையில் ஏறும். மெதுவாகத்தான் முணுமுணுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் வந்து தோளைத் தட்டினார். "மேடம், அந்தப் பக்கம் இருக்கிறவர் அக்கவுன்டன்சி எழுதுறார். உங்களால அவருக்கு நெஞ்சுவலியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுபோச்சு." மிச்சக் கேள்விகளை உதட்டை மடித்துக் கடித்தபடி எழுதினேன்.

தேறிவிட்டேன். தெருவில் அப்பா எல்லோருக்கும் லாலாக்கடை மிக்சரும் அல்வாவும் வாங்கிக் கொடுத்தார். அத்தோடு எல்லாம் கூடி வந்தது என்றுதான் நினைத்தோம்.

அனுபவக் கணக்கு முடியப்போகிற சமயத்தில் ஒருநாள், கனத்த மனிதர் ஒருவரைக் கட்டிலில் இருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினோம். பாதி வழியில் அவர் பயந்துபோய் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவரைக் கீழே விடவில்லை. ஆனால் என் இடுப்பில் ஏதோ ஒன்று இடம் மாறியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், தண்டுவட ஜவ்வு பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்.

"இனிமே நீங்க ஆளைத் தூக்கக் கூடாது. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. குனியக் கூடாது."

"அப்ப நர்ஸ் வேலையில மிச்சம் என்ன சார் இருக்கு?"

அவர் அதற்கும் சேர்த்து வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வளைகுடாவில் உடல் தகுதிச் சான்று கேட்பார்கள். அது கிடைக்காது என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பகலெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அப்பா தறியை விட்டு அடிக்கடி எழுந்து வந்து, கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். அம்மா மட்டும், "ஆளைத் தூக்காத நர்ஸும் இருக்கத்தான செய்வாவ. தேடிப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தேடினேன். நர்சிங் கல்லூரிகளில் பாடம் எடுக்க மேற்படிப்பு வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று பெங்களூருக்கு வரச் சொன்னது. அத்தனை தூரம் உட்கார்ந்து போக இடுப்பு இடம் தரவில்லை. கடைசியில் கூடப் படித்த தோழி ஒருத்தி ஒரு வேலையைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களைப் போனில் அழைத்து, மருந்து சாப்பிடுகிறார்களா, புண் ஆறுகிறதா, எப்போது மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்கும் வேலை. பதிவுபெற்ற நர்ஸ்தான் வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வீடியோவில் இன்டர்வியூ. அந்த நேரத்துக்கு மட்டும் அப்பா நான்கு தறியையும் நிறுத்தினார். எங்கள் தெருவில் வேலை நாளில், மின்சாரம் இருக்கும்போது, ஒரு வீட்டுத் தறி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் யாருக்கோ உயிருக்கு ஆபத்து. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

திரையில் சென்னையிலிருந்து ஓர் அம்மா பேசினார். அவரும் பழைய நர்ஸ். தன்னைச் சர்க்கரை நோயாளியாக நினைத்துக்கொண்டு விசாரிக்கச் சொன்னார். நான் ஆரம்பித்தேன். "கால் புண்ணு எப்படி இருக்கு? சுத்தி கறுத்திருக்கா? நாத்தம் வருதா?"

அதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. அடுத்த வீட்டு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அவருடைய வீட்டுக்காரர் என் குரலைக் கேட்டுவிட்டு நேரே உள்ளே வந்துவிட்டார்.

"ஏம்மா, அப்பாவுக்கா? காலு கறுத்துப்போச்சா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இப்பமே கார் கொண்டாரேன்."

அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல வே."

"நீரு சும்மா இரும் அண்ணாச்சி. உம்மகிட்ட மறைச்சிருப்பாவ."

நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "மாமா, அப்பா நல்லா இருக்காவ. உங்க முன்னாலதான நிக்காவ. எனக்கு வேலைக்குக் கேள்வி கேக்காவ, அதான் தறியை நிப்பாட்டியிருக்கு. நீங்க வெளிய இருங்க, முடிச்சிட்டு நானே வந்து எல்லாம் சொல்லுதேன். அத்தைகிட்டயும் பயப்படாண்டாம்னு சொல்லிருங்க."

அவர் அப்பாவின் காலை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனார். நான் திரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்து, கோபமா பேசுற சொந்தக்காரங்களை எப்படிச் சமாளிப்பீங்கன்னு பார்க்கிறதா இருந்தோம். அது முடிஞ்சுபோச்சு" என்றார்.

வேலை கிடைத்தது. தினமும் தறியை நிறுத்த முடியாதே. முதல் சில நாட்கள் மாடியில் மச்சியறையில் உட்கார்ந்து பேசினேன். "நீ ரயில்ல போறியாம்மா?" என்று ஒரு பாட்டி கேட்டார். பிறகு, தறியே இல்லாத தெருவில் இருந்த என் சொந்த அத்தை வீட்டுக்கு இடம் மாறினேன். அத்தை எனக்கு ஒரு அறையைக் கொடுத்தாள். இடுப்புக்கு இதமான ஒரு நாற்காலியையும் போட்டாள். கதவு சாத்தியிருந்தாலும் நான் கேட்கும் கேள்விகள் அவளுக்குப் போய்விடும். ஒருநாள் காப்பியோடு வந்து, "நேத்து வயித்தால போகுதான்னு கேட்டியே, அவுகளுக்கு இன்னைக்கு எப்படி இருக்காம்?" என்றாள்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது அத்தை."

"நான் என்ன பேரையா கேட்டேன்?"

நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எனக்குக் காப்பி வரவில்லை. மறுநாள் முதல் நானே போய்ப் போட்டுக்கொண்டேன், அவளுக்கும் ஒரு தம்ளர்.

கம்பெனியில் பேசுவதற்கு ஒரு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். "வணக்கம், தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது" என்று அது தொடங்கும். எங்கள் பக்கத்து ஆட்களிடம் அப்படிக் கேட்டால், லோன் கொடுக்க வந்தவள் என்று போனை வைத்துவிடுவார்கள். ஒருநாள் வாய் தவறி, "என்னய்யா, சாப்ட்டியளா? மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் கால்மணி நேரம் பேசினார். பிறகு தென் மாவட்டத்து அழைப்புகளையெல்லாம் என்னிடமே தள்ளிவிட்டார்கள்.

தெருவில் மட்டும் யாருக்கும் இந்த வேலை பிடிபடவில்லை. "போன்ல எப்படி ஊசி போடுத?" என்று கேட்பார்கள். அம்மா சில நாள் விளக்கிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய், "அவ ஊசி போடாத நர்ஸு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வாசுதேவநல்லூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதுதான் தாமதம், முன்சீட்டில் இருந்த பெரியவர் திரும்பினார்.

"ஏ மக்கா, நீ போன்ல பேசுத புள்ளதான? காலைத் தூக்கித் தலகாணி மேல வையும்னு தெனம் உயிரை எடுப்பியே?"

எனக்கும் அந்தக் குரல் தெரிந்தது. வயல் வேலியில் கால் கிழிந்து, தையல் போட்டு, மாத்திரையை ஒளித்து வைத்து, என்னிடம் பல நாள் வாங்கிக் கட்டிக்கொண்டவர். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். நெஞ்சு வரை தொங்கும் மீசை உள்ளவர் என்று நினைத்திருந்தேன். மழுமழுவென்று சிரைத்த முகம்.

"இப்ப எப்படி இருக்குய்யா?"

"நீயே பாரு."

பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை முழங்கால் வரை சுருட்டிக் காலைத் தூக்கி என் சீட்டின் ஓரத்தில் வைத்தார். எத்தனையோ முறை நிறம் கேட்டு, வீக்கம் கேட்டு, கண்ணால் காணாமலே எனக்கு மனப்பாடமான புண். அதைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தேன். சூடு இல்லை. தழும்பு நேர்க்கோடாக, வெளுப்பாக, அழகாக ஆறியிருந்தது.

"நல்லா ஆறிட்டுய்யா."

"நீ சொன்னா சரி" என்று அவர் காலை இறக்கிக்கொண்டார். பக்கத்து சீட்டு அம்மாள் அதற்குள் தன் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, "எனக்கு இந்த வீக்கம் என்னன்னு பாரேன்" என்றாள். பார்த்தேன். ஊர் வரும் வரை அந்த பஸ்ஸில் எனக்கு வேலை இருந்தது.