டீச்சர் வீட்டு மோட்டார்

ஆறு வயதிலேயே என் தங்கைக்குக் கப்பல்காரர்கள் போடும் முடிச்சு தெரியும். பன்னிரண்டு வயதான எனக்கு, சடையில் கட்டுகிற ரிப்பன் முடிச்சைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வருஷம் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா பதினைந்து வருஷம் கடற்படையில் கப்பல் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர். நான் பிறந்தபோது எங்கோ நடுக்கடலில் இருந்தார். லீவில் வந்து என்னைத் தூக்கினால், யாரோ ஒரு மாமா தூக்குகிறார் என்று அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவேனாம். எனக்கு ஐந்து வயதானபோது ஓய்வு பெற்று வந்து, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். போர்டில் நங்கூரம் வரையச் சொன்னார். வரைந்தவர் கப்பலைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, அது தூண்டில் முள் மாதிரி வந்தது. மறு வருஷம் தங்கை பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியது அப்பாதான். அந்தக் கதையைத் தெருவில் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீடும் அவருக்குக் கப்பல்தான். போர்வையின் மடிப்புக் கலையக் கூடாது, செருப்பு வரிசை தப்பக் கூடாது. "இது இன்னா ஊடா, கப்பலா?" என்று அம்மா கேட்டால் சிரிப்பார். தங்கை மட்டும் எதை வேண்டுமானாலும் கலைக்கலாம். கடையில் அவர் மடியில் உட்கார்ந்துதான் அவள் முடிச்சுப் போடக் கற்றாள். என்னையும் ஒருநாள் கூப்பிட்டார். "ஹோம்வர்க் கீது" என்றேன், வீம்பாக. இன்னொரு தடவை கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டீச்சரின் போர்வெல் மோட்டார் நின்றுபோனது. அப்பா அதை வெளியே எடுத்துச் சரிசெய்தார். நாங்கள் இருவரும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். திரும்ப இறக்கும்போது மோட்டாரில் தண்ணீர்க் குழாயோடு நைலான் கயிறும் கட்ட வேண்டும், கனத்தைக் கயிறுதான் தாங்கும். "நீ போடும்மா கேப்டன்" என்று தங்கையைக் கூப்பிட்டார். போட்டாள். அப்பா வழக்கம்போல மூன்று தடவை சுண்டி இழுத்துப் பார்த்தார். அப்படி இழுத்துப் பார்க்காமல் அவர் எதையும் குழிக்குள் இறக்கியதில்லை. "சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டு, சுவிட்ச் போர்டைப் பார்க்க உள்ளே போனார். தங்கை டீச்சர் கொடுத்த பிஸ்கட்டோடு அவர் பின்னாலேயே ஓடினாள்.

குழிக்கருகே நான் மட்டும்தான் நின்றேன். அந்த முடிச்சை அவிழ்த்தேன். அது அவ்வளவு எளிதில் அவிழவில்லை என்பது இன்னும் ஆத்திரமூட்டியது. அவிழ்த்துவிட்டு என் ரிப்பன் முடிச்சைப் போட்டு, அதன் இரண்டு காதுகளையும் கயிற்றுக்குள் செருகி மறைத்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. குழிக்குள் அப்பாவின் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருப்பது என் முடிச்சாக இருக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அப்பா டீச்சரின் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே வந்தார், பேசிக்கொண்டே இறக்கினார். பத்தடி போயிருக்காது, கயிறு உருவிக்கொண்டது. கனம் முழுக்கக் குழாயில் விழ, அது சரசரவென்று உள்ளே ஓடியது. அப்பா இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தார். குழாய் நின்றபோது உள்ளங்கையில் தோல் இல்லை. டீச்சரின் வீட்டுக்காரரும் சேர்ந்து பிடித்து மோட்டாரை மேலே இழுத்துப் போட்டார்கள்.

அப்பா வெறும் கயிற்று நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தங்கை, தன் முடிச்சுதான் அவிழ்ந்தது என்று அழ ஆரம்பித்தாள்.

"என்னங்க ஆச்சு?" என்றார் டீச்சர்.

"இது நான் போட்ட முடிச்சும்மா. பாப்பா போட்டத அவுத்துட்டு நான் வேற போட்டேன். என் தப்புதான்" என்றார் அப்பா.

"பதினஞ்சு வருஷம் கப்பல்ல இருந்தவரு போட்ட முடிச்சா இது?" என்று டீச்சரின் வீட்டுக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

அந்தச் சிரிப்பு தெருவைத் தாண்டிக் கடைக்கும் வந்தது. "நைனா, கொஞ்சம் டைட்டா கட்டு" என்று மோட்டார் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் கிண்டலடித்தார்கள். கடற்படையை ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போகிறவர், கையில் கட்டோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் அழுதேன். அவர் கைக்காக அழவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செல்ல மகளைக் காப்பாற்றத் தன் மானத்தையே விட்டாரே, எனக்காக இப்படி ஒரு பொய் சொல்வாரா என்றுதான் அழுதேன். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் ஏதோ பேச்சில் பழைய எரிச்சல் வாய் தவறி வந்துவிட்டது. "சின்னவளுக்காக அன்னிக்கு டீச்சர் ஊட்ல எப்டி பொய் சொன்னேப்பா!" என்றேன்.

அப்பா போர்வை மடித்துக்கொண்டிருந்தார். "சின்னவளுக்கா?" என்றார். "அவ போட்டத நான்தான் மூணு வாட்டி இழுத்துப் பாத்தேனே. அது எங்கேர்ந்து அவுறும்?"

போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா பயந்து உங்கம்மாகிட்ட ஓடிருப்பே. நீயா வருவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார்.