இரண்டு வண்டி, நாலு நல்ல டயர்

வண்டி வரி கேட்கும் அரசாங்கத்துக்கும் அதைக் கட்ட வேண்டிய ஆளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் கடை. வரி கட்டித் தருவேன், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு நாள் வாங்கித் தருவேன். புரோக்கர் என்பார்கள், கோபித்துக்கொள்வதில்லை. வண்டி வைத்திருக்கும் சக பாவிகளே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

ஓ.டி.பி. போன ஊர்

டேவிட் அத்திப்பட்டுக்கு அந்தப் பக்கம், கழிமுகத்தை ஒட்டிய கிராமத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாலு சக்கர வண்டி. பொழுது விடிந்ததும் பவுனக்காவையும் இன்னும் சில பெண்களையும் நண்டுக் கூடை, இறால் கூடையோடு ஏற்றிவந்து கல்மண்டபம் மீன் மார்க்கெட்டில் இறக்குவார். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். அதனால் அந்த வண்டி நின்றால் அவர்கள் வியாபாரமும் நிற்கும்.

முன்பெல்லாம் பக்கத்து ஆபீஸில் வரி கட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது எல்லாம் ஒரே இணையதளம். வண்டி நம்பரைத் தட்டினேன், ஓ.டி.பி. கேட்டது. டேவிட் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவில் இருந்ததோ வண்டியை இவருக்கு விற்றவரின் நம்பர். அவர் இப்போது தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கிரேன் மேலே இருக்கும்போது போனைத் தொட மாட்டாராம். கீழே இறங்கி அவர் எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து அவர் இறங்கிய பிறகுதான் கட்ட முடிந்தது. டேவிட் நிதானமாகக் கேட்டார்: "வண்டி அத்திப்பட்டுல கீது, வரி கோட்டைக்குப் போவுது. நடுவுல தூத்துக்குடி இன்னாத்துக்கு நைனா?"

ரோடு தெரியாத மெஷின்

எஃப்.சி.யும் அப்படித்தான். முன்பு பக்கத்து மைதானத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவார். பிரேக்கை மிதி என்பார், ஹாரன் அடி என்பார், முடிந்தது. இப்போது மெஷின் பார்க்கிறது. அந்த மெஷின் இருக்கும் இடம் நகரத்துக்கு மறுகோடியில். டேவிட்டுக்குக் காலை நேரம் கிடைத்தது. எண்ணூர் சாலையிலோ துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள், நகராமல். அவர் போய்ச் சேர்ந்தபோது உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

சற்று முன்னதாகக் கிளம்பியிருக்கலாமே என்று போனில் சொன்னேன். அறிவுரைக்கு மட்டும் இன்னும் வரி போடவில்லை, பாருங்கள். டேவிட் சொன்னார்: "நான் இருட்டோட கெளம்பினேன் நைனா. எண்ணூர் ரோடுன்னு ஒண்ணு கீதுன்னு அந்த மிஷினுக்கு யாராச்சும் சொன்னீங்களா?"

டயர் முறை

அந்தக் கிராமத்தில் ஷேர் ஆட்டோ இரண்டு. மற்றொன்று டேவிட்டின் மச்சான் அந்தோணியுடையது. அனல்மின் நிலைய ஷிப்ட் ஆட்களுக்கென்றே ஓடுவது, கூடைக்கு அதில் இடமில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு நல்ல டயர் உண்டு. சாக்கில் சுற்றி அந்தோணி வீட்டுப் பரணில் கிடக்கும். யாருக்கு எஃப்.சி.யோ அவர் மாட்டிக்கொண்டு போவார், வந்ததும் கழற்றிக் கொடுப்பார். தப்புதான், யார் இல்லை என்றது? மற்ற நாளெல்லாம் தேய்ந்த டயர்மேல் உட்கார்ந்து போகும் பவுனக்காவுக்கும் அது தெரியும்.

உள்ளூர் இன்ஸ்பெக்டர் காலத்தில் ஒருவருக்கு இந்த வாரம், மற்றவருக்கு அடுத்த வாரம் என்று கேட்டு வாங்கலாம். டேவிட்டுக்கு மறுபடி நாள் கேட்டபோது கம்ப்யூட்டர் இரண்டு வண்டிக்கும் ஒரே காலையைக் கொடுத்தது. துணைக்கு ஆள் ஆச்சு என்று இருவரும் சந்தோஷமாகக் கிளம்பியிருக்கிறார்கள். டேவிட்டுக்கும் அதே டயர்தான் வேண்டும் என்ற நினைப்பு வந்தது சோதனை நிலையத்தின் வாசலில்! நல்ல டயர் நாலும் அந்தோணி வண்டியில் இருந்ததால் அவர் முதலில் போய்ப் பாஸாகி வெளியே வந்தார். ரோட்டோரம் ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்கள். கடைசி டயர் ஏறும்போது டேவிட்டின் முறை போய்விட்டது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சொன்னாராம்: "அடுத்த தபா ரெண்டையும் ஒரே வண்டியா வெல்டு வச்சு எட்த்துகினு வா மாமு."

நின்ற வண்டி

மறுபடி ஒரு தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆனது. எஃப்.சி. இல்லாமல் ஓட்டக் கூடாதே, அதுவரை வண்டி வீட்டு வாசலில் நின்றது. நின்றாலும் காலாண்டு வரி உண்டு. ஓடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால்தான் விலக்கு. நேரம் தவறப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் யார்?

ஒருவழியாக டேவிட் பாஸானார். பவுனக்கா கல்மண்டபம் போய்ப் பார்த்தார். அவருடைய இடத்தில் வேறொரு பெண் கடை விரித்திருந்தார். அந்த நடைபாதையில் பட்டா கிடையாது. தினமும் வந்து உட்கார்வதுதான் பட்டா. வாடிக்கைக்காரர்களும் புது ஆளிடம் பழகிவிட்டார்கள். கூடையோடு திரும்பியவர், டேவிட் அந்தக் காலாண்டு வரியைக் கட்ட என் கடையில் வண்டியை நிறுத்தியபோது கூடவே உள்ளே வந்தார். பணம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் பச்சை எழுத்து வந்தது. நின்ற நாளுக்கும் சேர்த்துத்தான் என்று டேவிட் அவரிடம் சொன்னார். எனக்கு அந்தம்மா முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் கோபமில்லாமல்தான் கேட்டார்: "நின்ன வண்டிக்கு வரி கேக்கத் தெரியுது. என் எடம் பூட்ச்சே, அத்த எந்த மிஷினாண்ட போய்க் கேக்கறது தம்பி?"

எல்லா வேலையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் நமக்குச் சுலபமாக்கிவிட்டார்கள், அந்த ஒரே இடம் மட்டும் யாருடைய ஊருக்கும் பக்கத்தில் இல்லை.