சங்கரா முள்

என் மனைவிக்கு வலது அடிவயிற்றில் வலி வந்த அன்று, பூரணாங்குப்பத்தில் எங்கள் தெருவே டாக்டராகிவிட்டது. குடல்வால்தான், எடுத்துப் போட்டால் பத்தே நாளில் மீன் கூடையைத் தூக்கிவிடலாம் என்றார்கள். காய்ச்சல், வாந்தி, தொட்டால் துள்ளுகிற வலி எல்லாம் அதையேதான் சொல்லின. நானும் நம்பி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஸ்கேனைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. குடல்வால் வீங்கியிருக்கிறதாம், ஆனால் அதன் அடியில் ஒரு கட்டியும் தெரிகிறதாம். கேன்சராகவும் இருக்கலாம், அப்படியென்றால் பக்கத்துக் குடலையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்றார்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா. கடைசியில் அவளைப் பார்த்து, "மீன் முள் ஏதாவது முழுங்கினீங்களா?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் நான் சிரித்துவிட்டேன். அந்தப் பயத்திலும் எப்படித்தான் சிரிப்பு வந்ததோ.

"இன்னா டாக்டர், நாங்க கடக்கரைக்காரங்க. எங்க வூட்டுப் பசங்களே முள்ளு பிரிச்சித் துன்னும்."

அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெட்டினார்கள். குடல்வாலோடு, அது ஒட்டியிருந்த குடலிலும் ஒரு சாண். சதையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். "நாளைக்கு வாங்க" என்கிற கவுண்டர் ஆள் மேல், எந்தச் சாமி குற்றமோ என்று இழுக்கிற சொந்தக்காரர்கள் மேல். கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக் கிடந்த அவள் மேலும்தான்.

ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. குடல்வாலைக் குத்திக்கொண்டு ஒரு மீன் முள் நின்றிருக்கிறது. அதைச் சுற்றிச் சதை திரண்டு கட்டியாகியிருக்கிறது. அபூர்வமாகத்தான் இப்படி நடக்கும் என்றார் டாக்டரம்மா.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா முள்ளைத் தேடியிருப்போம். இவ்ளோ வெட்டாம தப்பிச்சிருக்கலாம்."

வெளியே வந்ததும் கத்தினேன். "முள்ளு முழுங்கனது உனக்குத் தெரியுமா தெரியாதாடி?"

தெரியுமாம். போன மாதம் என் தங்கையின் மாமியார் வீட்டு விருந்தில் சங்கரா மீன் முள் தொண்டையில் மாட்டியிருக்கிறது. மீன் விற்கிறவள் தொண்டையில் முள்ளா என்று அவர்கள் சிரிப்பார்களே என்று வாயே திறக்கவில்லை. எங்கள் ஊர் வைத்தியப்படி வெறும் சோற்றை உருண்டை பிடித்து, மெல்லாமல், நாலைந்து தடவை முழுங்கியிருக்கிறாள். முள் இறங்கிவிட்டது.

"அங்க சொல்லல, சரி. டாக்டர்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு?"

ஆட்டோ ஸ்டாண்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் இழுத்திருக்க வேண்டும்.

"சொல்லத்தான்யா வாயத் தொறந்தேன். நீதான் முந்திக்கினு சிரிச்சியே."

என் நாக்கில்தான் சனி. ஆறு மாதத்துக்கு அவள் கூடை தூக்கக் கூடாது என்பதால் இப்போது நான்தான் கிருமாம்பாக்கத்துக்கு மீன் விற்கத் தூக்கிப் போகிறேன். அவளைக் காணோமே என்று கேட்கிறவர்களிடமெல்லாம் முள் கதையை நானே சொல்கிறேன். இதுவரை ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.