ஒன்றும் கேட்காத வெப்சைட்

பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அம்மாவால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. செண்பகனூரில் எங்கள் வீடு இரண்டே அறைதான். அதற்குள் அவள் நடந்த நடையைச் சேர்த்தால் மலையிறங்கி வத்தலக்குண்டு வரைக்கும் போய் வந்திருக்கலாம். உலை வைப்பாள், அரிசி போட மறந்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்பாள். காரட் கழுவும் வேலைக்குப் போனாலும் மத்தியானமே திரும்பிவிடுவாள். "போன் வந்துச்சா?" என்பதுதான் உள்ளே நுழையும்போதே கேட்கும் முதல் கேள்வி. போன் என்னிடம் இருக்கும், நான் வட்டக்கானலில் விடுதி வேலையில் இருப்பேன் என்பதையெல்லாம் மறந்து, வெறும் வீட்டைப் பார்த்துக் கேட்பாளாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்துக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பினபோது தாத்தாவும் கப்பலேறினார். அம்மா அப்போது சின்னப் பெண். அவளுடைய அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவள் அங்கேயே தங்கிப்போனாள். அதன்பிறகு அக்காளும் தங்கச்சியும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அந்த நாட்டில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. செல்போன் வந்த பிறகுதான் ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள்.

போர் முடிந்த வருஷம் அது. பெரியம்மாவின் மகள் போனில் அழுதாள். "சித்தி, அம்மாவுக்குக் கொஞ்சமும் சொகமில்ல. உங்களையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கா. ஏலும்னா ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஏ புள்ள, பாஸ்போர்ட்டு எடுக்கணும். வெரசா."

விடுதியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது அறை பதிவு செய்ய மட்டும்தான் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூஞ்சிக்கல்லில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய அண்ணன் முன்னால் டூரிஸ்ட் கைடாக இருந்தவர்; நல்ல மாதிரி. பாஸ்போர்ட்டுக்கு இப்போதெல்லாம் ஆன்லைனில் பதியலாம் என்று அவருக்கும் கேள்விப்பட்ட அளவில் தெரியும், எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

'பாஸ்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்ததும் வந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அந்த வெப்சைட். தலைப்பில் மூன்று சிங்கங்கள், ஓரத்தில் கொடியின் மூன்று வண்ணத்தில் ஒரு பட்டை, நடுவில் கோட்டு போட்ட ஒரு குடும்பம் விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு மேல் எதையும் தேடவில்லை. பெயர், வயது, தகப்பனார் பெயர், விலாசம். பிறந்த இடம் என்ற கட்டம் வந்ததும் என் கை நின்றது. அம்மாவைப் பார்த்தேன்.

"உள்ளதைப் போடு" என்றாள்.

ஸ்ரீலங்கா என்று அடித்தேன். அடுத்த பக்கம் திறந்துகொண்டது. அதில் பிரிட்டிஷ் காலத்துக் கட்டடம் ஒன்றின் படமும், "நன்றி, உங்கள் விவரங்கள் ஏற்கப்பட்டன" என்ற ஆங்கில வரியும் இருந்தன.

"என்ன சொல்லுது?"

"ஏத்துக்கிருச்சாம்மா."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லையே."

அம்மா சிரித்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அது ஏன் என்று வெளியாள் ஒருவருக்குப் புரியாது. ரேஷன் கார்டுக்குப் போனாலும், எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனாலும், ஓட்டுப் போடப் பெயர் சேர்க்கப் போனாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து, "சிலோன்காரங்களா? பேப்பர் எங்க?" என்று கேட்பார். கொண்டுபோன பேப்பர் எப்போதுமே போதாது. இன்னொன்று வேண்டும், அதற்கு இன்னொரு ஆபீஸ் போகவேண்டும். வாழ்க்கை பூராவும் அப்படி நின்றவளை, ஒரு கேள்வியும் கேட்காமல் இந்தியா உள்ளே வரச் சொன்னது போல இருந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் கட்டணம் வந்தது. நான் கேள்விப்பட்டிருந்ததைப் போல மூன்று மடங்கு. "அண்ணே, இது கூட இருக்கே?" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எக்ஸ்பிரஸ் சர்வீஸ்னு போட்டிருக்குல்லம்மா. அதான். சிங்கம் போட்டிருக்கான் பாரு, கவர்மெண்டுதான்."

"கட்டிரு புள்ள" என்றாள் அம்மா. "நாளக் கடத்தாத."

எங்களிடம் கார்டு கிடையாது. அண்ணன் தன் கிரெடிட் கார்டு நம்பரைப் போட்டுக் கட்டினார். நான் கையில் இருந்ததை அங்கேயே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மெயிலில் வந்ததை அண்ணன் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், இன்ன தேதி, காலை இத்தனை மணி, அசல் ஆவணங்களுடன் வரவும். அம்மா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தேதி வருவதற்குள் அவள் என்னைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை. வெள்ளனே எழுந்து பஸ் நேரம் விசாரிக்கப் போய்விடுவாள். போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றால், "மழை பெஞ்சு ரோடு அத்துக்கிட்டா?" என்பாள். சேலையை எடுத்து வைத்தாள், மாற்றி வேறொன்றை வைத்தாள். பெரியம்மாவின் மகள் போன் பண்ணும்போதெல்லாம் "வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு" என்று கத்துவாள், ஏதோ பஸ்ஸில் பாதி தூரம் போய்விட்டவள் மாதிரி.

மதுரையில் அலுவலக வாசலில் வரிசை நீண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. காவலுக்கு நின்றவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இது எங்கம்மா எடுத்தீங்க? இது நம்ம நம்பரே இல்லையே."

"கம்ப்யூட்டர்ல வந்துச்சுங்க. பணம் கட்டியிருக்கோம்."

"பணமா?" அவர் எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். விசாரணை மேசையில் இருந்த அம்மையாரே எழுந்து வந்தார். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது.

"இதே மாதிரி தாளோட இதுக்கு முந்தியும் ஆளுங்க வந்தாங்கம்மா. இது எங்களோடது கிடையாது. யாரோ தனியார் நடத்துறது. உங்க பேர்ல இங்க அப்ளிகேஷனே பதிவாகல."

"சிங்கம் போட்டிருந்துச்சே மேடம்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது சின்னப்பிள்ளைப் பேச்சாகக் கேட்டது.

"சிங்கத்த யாரு வேணா போட்டுக்கலாம். அட்ரஸப் பாக்கணும். கடைசியில ஜிஓவி டாட் ஐஎன்னு முடியணும். தேடுனா மொத வர்றதத் தொடக்கூடாது. இன்னொண்ணு, ஃபார்ம் நிரப்ப ஒரு பைசா கிடையாது. ஃபீஸ் இங்க கவுண்டர்லதான் கட்டணும், ரசீது குடுப்போம்." என் கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் சரியான விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பணத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"பணம் போனாப் போகுது" என்றாள் கடைசியில். "ஒண்ணும் கேக்காம என்னைய எடுத்துக்கிட்டாங்கன்னு நெனச்சுட்டேன் புள்ள. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

அதே தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அவளை எழுப்பிக் கூட்டிப்போனேன். அந்த அம்மையார் எழுதித் தந்த விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அடித்து முடித்து ஒருமுறை, பக்கம் திறந்த பிறகு ஒருமுறை சரிபார்த்தேன். பார்க்க ரொம்பச் சாதாரணமான பக்கம். பாதியில் நின்றது, மறுபடி முதலிலிருந்து நிரப்பவேண்டியிருந்தது. பிறந்த இடத்தைப் போட்டதும் கேள்விகள் வரிசையாக வந்தன. குடியுரிமை பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா? ஆதாரம் என்ன? முன்னால் வேறு பாஸ்போர்ட்டில் பெயர் உண்டா?

நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் தெளிந்தது. "இதுதான் கவர்மெண்டு" என்றாள்.

கிடைத்த தேதி மூன்று வாரம் தள்ளி இருந்தது.

ஊர் திரும்பி மூஞ்சிக்கல் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நம்பவில்லை. அந்த வெப்சைட்டைத் திறந்து கீழே கீழே இழுத்துக்கொண்டு போனார். எல்லாம் முடிந்து, வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், கண்ணை இடுக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில் இருந்தது: நாங்கள் தனியார் ஆலோசனை நிறுவனம், எந்த அரசுத் துறையுடனும் தொடர்பில்லை.

"அடப்பாவி" என்றார். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார். பாட்டு மட்டும் ஓடியது. கார்டு கொடுத்த வங்கிக்குப் பேசினார். நீங்களே ஒப்புக்கொண்டு கட்டியதுதானே என்று கேட்டார்களாம். அந்த வாரமே அந்த வெப்சைட்டிலிருந்து இன்னொரு மெயில் வந்தது. போலீஸ் விசாரணைக்குத் தனிக் கட்டணம் பாக்கி, கட்டாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும் என்று. அண்ணன் பதிலுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி திட்டி எழுதினார். பிறகு சரியான விலாசத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலும் ஒட்டினார். "இதுல காசு கேட்டா எங்கிட்டச் சொல்லுங்க" என்று அதன் கீழே பேனாவில் எழுதியிருந்தார்.

அம்மாவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. "எம்பேரு, அப்பாரு பேரு, எல்லாம் அவங்கிட்டப் போயிருச்சே. அத வச்சு ஏதாச்சும் பண்ணிருவானா?" காரட் வயலிலிருந்து நேராக விடுதிக்கே வந்து கேட்பாள். வெளிநாட்டு விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சேறு படிந்த காலோடு வாசலில் நிற்பாள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்பேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இரண்டு பேரும் எடுக்கத் தயங்குவோம். பெரியம்மா போய்விட்டாளோ என்று ஒரு பக்கம், அந்த ஆட்களோ என்று ஒரு பக்கம்.

மறுபடி மதுரை. இந்த முறை காவலர் நம்பரைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டார். கவுண்டரில் இருந்த அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்ரீலங்காவுல பொறந்திருக்கீங்க. இந்தியக் குடியுரிமைக்கு என்ன ஆதாரம்?"

அம்மா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலப் பையைத் திறந்தாள். தாத்தா வரும்போது கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட். அதில் குடும்பமாக எடுத்த ஒரு போட்டோ. கூடவே புனர்வாழ்வுக்குக் கொடுத்த குடும்ப அட்டை, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை.

"இதுல நீங்க யாரு?"

"இந்தா, எங்காத்தா முந்தானையப் புடிச்சுக்கிட்டு நிக்கேன்ல, அது நாந்தான்."

அவர் போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார். அம்மா வெளியே வந்து, கட்டிய பணத்துக்குக் கொடுத்த ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டு அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் தபால்காரர் தெருவில் தலை காட்டும்போதெல்லாம் அம்மா ஓடினாள். மூடுபனி இறங்கிய ஒரு மத்தியானத்தில் ஸ்பீட் போஸ்ட் வந்தது. ஏலச்சீட்டை முன்கூட்டியே எடுத்து டிக்கெட் போட்டோம். அண்ணன்தான் போட்டுக் கொடுத்தார். போடுவதற்கு முன் அந்த விமான கம்பெனியின் விலாசத்தை என்னையும் வாசிக்கச் சொன்னார். திருச்சியிலிருந்து கொழும்புக்கு.

நான் போகவில்லை. விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அம்மா செருப்பைக் கழற்றட்டுமா என்று காவலரிடம் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் வரை போன் இல்லை. அம்மா நடந்த அதே இரண்டு அறைக்குள் நான் நடந்தேன்.

போன் வந்தபோது இரைச்சலாக இருந்தது. எத்தனையோ பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ள, அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. என்னையத் தொட்டுப் பாத்துட்டு, இது எங்காத்தா மூக்கு, அப்ப நீ அவதான்னுட்டா." அம்மா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "கஞ்சி குடிக்கிறா. எங்கையால குடுத்தாக் குடிக்கிறா."

ஒரு மாதம் இருந்துவிட்டு, ஒரு பை நிறையத் தேயிலைத் தூளோடு திரும்பி வந்தாள். மறுநாளே காரட் வயலுக்குப் போனாள்.

சித்திரை கழிந்து ஒரு நாள் காலையில் பெரியம்மா மகளிடமிருந்து போன் வந்தது. பெரியம்மா போய்விட்டாள். நான் விடுதியில் லீவு கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவை எப்படித் தேற்றுவது என்பதுதான் என் யோசனை முழுக்க. வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா சாவியைக் கொடுத்தாள். "போனு அவங்களுக்கும் வந்துருச்சு, எங்க வீட்டு நம்பருக்கு. மூஞ்சிக்கல் போயி டிக்கெட் போட்டுக்கிட்டு அப்படியே திருச்சி பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. ஒனக்குச் சோறு ஆக்கி வச்சிருக்காங்களாம், சாப்புடச் சொன்னாங்க."

அடக்கத்துக்கு அவள் போய்ச் சேர முடியவில்லை. காரியத்துக்கு இருந்தாள்.